புதுக்கல்வியும் யாழ்ப்பாண மாணாக்கரும்: கணிதம், வானசாத்திரம், வைத்தியம் (1823–1873)

யாழ்ப்பாணத்திற் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நிகழ்ந்த கல்வி மாற்றத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. எவ்வாண்டில் எக்கலாசாலை தோன்றியது, எப்பாதிரியார் எந்நூலைக் கற்பித்தார் என்பனவெல்லாம் அவற்றில் விரிவாகக் கிடைக்கின்றன. ஆயின் வாங்கிலிருந்து அப்பாடங்களைக் கேட்ட இளைஞர் அவற்றைப் பற்றி யாது நினைத்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இதற்குக் காரணமுண்டு. அக்காலத்து ஏடுகளிற் பெரும்பாலன கற்பித்தோர் எழுதியவை. அமெரிக்காவிலிருந்த தம் சபைக்குப் பாதிரிமார் அனுப்பிய அறிக்கைகளில் மாணாக்கன் வருவான். ஆனால் அவன் ஆசிரியர் விரும்பியதையே பேசுவான். ஆதலின் மாணாக்கர் கருத்தை அவர் சொல்லியதாக எழுதப்பட்ட சொற்களிலும் பார்க்க, அவர் செய்தவற்றிலிருந்தும் செய்ய மறுத்தவற்றிலிருந்தும் உய்த்துணர்தலே தக்க முறையாகும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறியபோது அறிவியற் பயிற்சி எதுவுமில்லாத வெற்று நிலத்துக்கு வந்தாரல்லர். திண்ணைப் பள்ளிக்கூடத்திற் பயின்ற சிறுவன் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்புவிக்க வல்லவன். முந்திரி முதலாக மா, காணி, மாகாணி என்னும் கீழ்வாய்ப் பின்னங்களை ஏடும் எழுத்தாணியும் இன்றியே கூட்டிப் பெருக்க வல்லவன். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய பின்னத்தை வாய்க்கணக்கிற் கையாளும் பிள்ளைக்கு எண் அச்சந் தருவதொன்றன்று. கணக்கதிகாரம் போன்ற நூல்களில் நிலமளத்தல், நெல்லளத்தல் முதலியன செய்யுளாக அமைந்து கிடந்தன. சோதிடத்துக்குச் செகராசசேகரமாலையும், வைத்தியத்துக்குச் செகராசசேகரம், பரராசசேகரம் என்பனவும் தமிழரசர் காலந்தொட்டு இந்நாட்டில் வழங்கின. பரம்பரை வைத்தியரும் பஞ்சாங்கங் கணிப்போரும் ஊர்தோறும் மதிப்புடன் வாழ்ந்தனர். எனவே புதுக்கல்வியைக் கேட்டவன் ஒப்பிட்டு நோக்குதற்குத் தன்னிடம் ஒன்று உடையவனாகவே வகுப்பிற் புகுந்தான். அவன் கருத்துக்கள் பாடத்துக்குப் பாடம் வேறுபட்டமைக்குக் காரணமும் இதுவே.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் முதல் அதிபர் தானியேல் பூவர் ஐயர். தமிழ் இலக்கண இலக்கியங்களும் ஆங்கிலமும் வேதாகமமும் ஒருபுறமாக, எண்கணிதம், வீசகணிதம், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், திரிகோணகணிதம், நில அளவை, வானசாத்திரம், பௌதிகம் முதலியன மறுபுறமாக ஆங்குக் கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் செமினரியைப் பார்வையிட்டு, அங்குக் கற்பிக்கப்பட்டவற்றின் பரப்பும் பயனும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஒப்பானவை என 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். இப்புகழுரையில் விருந்தினர் ஒருவரின் உபசாரமும் சிறிது கலந்திருக்கலாம். எனினும் அவர் வியந்தது கட்டடத்தையன்று, மாணாக்கர் தந்த விடைகளை என்பது கருதற்பாலது.

இப்பாடங்களுட் கணிதத்தை மாணாக்கர் தயக்கமின்றி ஏற்றனர். அதற்குச் சமயத்தோடு பிணக்கில்லை, சாதியாசாரத்தோடும் பிணக்கில்லை. இரண்டு முக்கோணங்கள் ஒத்தவை என்று நிறுவுதற்கு எத்தெய்வத்தையும் மறுக்கவோ ஏற்கவோ வேண்டியதில்லை. வாய்க்கணக்கிற் பழகிய மனத்துக்குக் குறியீட்டாற் கணிக்கும் முறை புதிதாயினும் அயலானதன்று. ஒன்று மாத்திரம் உண்மையாகவே புதியது. அது நிறுவல். பழைய கணக்கு நூல் வாய்பாட்டைத் தரும். அவ்வாய்பாடு ஏன் உண்மை என்று பெரும்பாலுங் கூறாது. யூக்கிளிட்டின் நூல் அதனையே வினாவும். இவ்வினாவைப் பழகிய இளைஞர் பிற்காலத்திற் சமய வாதங்களிற் புகுந்தபோது, ‘சான்று எங்கே’ எனக் கற்பித்த ஆசிரியரையே வினாவினர் என்பது அந்நூற்றாண்டின் கண்டன நூல்களைப் புரட்டுவார்க்குப் புலனாகும். பாதிரிமார் இதனை எதிர்பார்த்திருந்தார் என்று எண்ணுதற்கில்லை.

கணிதத்தின்பால் மாணாக்கர் கொண்ட பற்றுக்குச் சிறந்த சான்று கறல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’. சுதுமலையிற் பிறந்து, செமினரியிற் கற்று, அங்கேயே கற்பித்த அவர், தாம் ஆங்கிலத்திற் பயின்றதைத் தமிழில் எழுதி 1855ஆம் ஆண்டில் வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டிலேயே. அவர் சமய வாழ்க்கை பல திருப்பங்களை உடையது. ஆறுமுக நாவலரோடு மாறுபட்டுச் சைவத்தைக் கண்டித்து எழுதியவர், பின்னர்ச் சைவத்துக்கே மீண்டார். இம்மாற்றங்களால் அவருடைய வீசகணிதத்தில் ஒரு சமன்பாடேனும் மாறவில்லை. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் தேறியமை யாவரும் அறிந்ததே. இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்கள்.

வானசாத்திரத்தின் நிலை வேறு. இங்கே பாடம் மாணாக்கனின் வீட்டுக்குள் நுழைந்தது. பூவர் ஐயர் வானசாத்திரத்தைக் கற்பித்தது அறிவு வளர்ச்சியின் பொருட்டு மாத்திரமன்று. மேருமலையும் எழுகடலும் இராகு கேதுக்கள் மதியை விழுங்குதலும் பிழையெனக் காட்டினால், அவற்றைக் கூறும் புராணங்களும், புராணங்களைத் தாங்கும் சமயமும் தளரும் என்பது அவர் கருத்து. இக்கருத்தை அவர் மறைக்கவுமில்லை. எனவே வானசாத்திர வகுப்பிலிருந்த இளைஞனுக்கு ஒவ்வொரு கணக்கும் இரு பொருளுடையதாயிற்று: விடை சரியா என்பது ஒன்று; விடை சரியானால் தன் தந்தை தவறா என்பது மற்றொன்று.

1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் தேதி நிகழ்ந்த சந்திரகிரகணம் இவ்வினாவை ஊரறிய எழுப்பிற்று. அராலியில் வாழ்ந்த விசுவநாத சாஸ்திரியார் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க கணிதருள் தலைசிறந்தவர். அவர் கணித்த பஞ்சாங்கம் கிரகணத்தின் தொடக்கம், நீடிக்கும் நேரம், மறைவின் அளவு ஆகியவற்றில் ஐரோப்பியக் கணிப்போடு மாறுபட்டது. பூவர் ஐயர் இம்மாறுபாட்டை முன்கூட்டியே வெளிப்படுத்தி, கிரகணத்தன்று யாவரும் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றார். சாஸ்திரியார்பால் ஊர்மக்கள் கொண்ட நம்பிக்கை பெரிது. செமினரியைச் சார்ந்த தமிழரிடத்தும் அந்நம்பிக்கை இல்லாமலில்லை. மாலை வந்தது, கடிகாரமும் வந்தது, மதி ஐரோப்பியக் கணிப்பையே தழுவிற்று. மிஷனார் இதனைப் பெருவெற்றியாக எழுதினர்.

அவ்வெற்றி எத்தகையது என்பதை இன்று சிறிது நிதானமாக நோக்கலாம். சாஸ்திரியாரின் கணிப்பு இராகுவை நம்பிச் செய்யப்பட்டதன்று. பூமியின் நிழல் மதியின்மேல் விழுதலே கிரகணம் என்பது சித்தாந்த நூலார் பல நூற்றாண்டுகளாக அறிந்த உண்மை. பஞ்சாங்கம் அக்கணிதத்தாலேயே நடப்பது. இக்கணிதத்தின் திறத்துக்கு அதே காலத்துச் சான்றொன்று தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கின்றது. ஜோன் வாறன் என்பார் 1825ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூலிற் புதுச்சேரியிற் சந்தித்த தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகின்றார். அவர் சோழிகளை நிலத்திற் பரப்பி, மனப்பாடமான வாக்கிய எண்களைக் கொண்டு அவ்வாண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அக்கணக்கைப் பிற்காலத்தில் ஆராய்ந்த வானியல் வரலாற்றாசிரியர் நொய்கபவர், தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே பிழையிருந்ததென 1952இல் எழுதினார். எழுதுகோல் தொடாமல், சோழிகொண்டு செய்த கணிப்பு இது. இதனிற் பிழையுண்டு என்பது உண்மை. இதனை மூடநம்பிக்கை என்பது பொருந்தாது.

பூவர் ஐயரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருந்தார். சித்தாந்தம் வேறு, புராணம் வேறு எனக் காட்டி, முன்னதைக் கொண்டு பின்னதை மறுப்பதே அவர் கையாண்ட முறை. அவருக்குப் பின் அதிபராய் வந்த ஹொய்சிங்டன் ஐயர் ஒருபடி மேலே சென்று, ‘உள்ளமுடையான்’ என்னுந் தமிழ்ச் சோதிட நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புக்களோடும் 1848இல் அச்சிட்டார். தம் முன்னோர் கணிதத்தையும் மேலைக் கணிதத்தையும் ஒருங்கே பயிலும் வாய்ப்பு அக்காலத்தில் வேறெங்கும் எளிதிற் கிட்டியதன்று. ஆயின் அதன் விளைவு ஆசிரியர் நினைத்தபடி அமையவில்லை. மாணாக்கருட் பெரும்பாலோர் இரண்டையும் வேறு வேறு பேழையில் வைத்துக்கொண்டனர். கிரகணம் எந்நிமிடத்தில் தொடங்கும் என்பதற்கு மேலைக் கணிதம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் நாள் குறிக்கப் பஞ்சாங்கம். இதனை முரண்பாடு எனச் சிலர் இகழ்வர். அவ்விகழ்ச்சி நேரியதன்று. கிரகணம் பிந்தியதால் ஒரு கணக்குப் பிழையாயிற்று என்று அவர் ஒப்புக்கொண்டார். அதனால் ஒரு வாழ்க்கை முறை பிழையாயிற்று என்று ஒப்புக்கொள்ள அவருக்குச் சான்று காட்டப்படவில்லை. நிறுவலைக் கற்றவர் செய்யத்தக்கது இதுவேயன்றோ?

1841 தை மாதத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகை இக்கல்வியைச் செமினரி மதிலுக்கு வெளியே கொண்டு சென்றது. அதனை நடத்தியோர் செமினரியிற் பயின்ற தமிழரே. சமயச் செய்திகளோடு இயற்கைப் பொருள்களைப் பற்றிய கட்டுரைகளும் அதில் ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளிவந்தன.

ஆயினும் மாணாக்கர் விருப்பமும் மிஷன் விருப்பமும் ஒன்றல்ல என்பது ஆண்டுதோறுந் தெளிவாயிற்று. இளைஞர் வட்டுக்கோட்டையை நாடியது ஆங்கிலத்தின் பொருட்டும், ஆங்கிலத்தால் வரும் உத்தியோகத்தின் பொருட்டும் என்பதை ஆசிரியர்களும் அறிந்திருந்தனர். எழுதுவினைஞர், நில அளவையாளர், ஆசிரியர் ஆகியோர் வேண்டப்பட்ட காலம் அது. இலங்கையிலும் சென்னையிலும் செமினரி மாணாக்கருக்கு வேலை காத்திருந்தது. திரிகோணகணிதம் கற்றவன் உபதேசியாராகாமல் அளவைச் சங்கிலியோடு புறப்பட்டான். அமெரிக்கத் தலைமைச் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து ஆராய்ந்தார். சுவிசேஷகரை ஆக்குதற்கு நிறுவிய கலாசாலை உத்தியோகத்தரை ஆக்குகின்றது எனக் கண்டு, மிஷன் கல்வி தாய்மொழியில் அடங்குதல் வேண்டும் என்னுங் கொள்கை வலுப்பெற்றது. முப்பத்திரண்டு ஆண்டு நடந்த செமினரி மூடப்பட்டது. மாணாக்கர் தம் கருத்தை ஒரு சொல்லும் எழுதாமல், காலால் நடந்தே தெரிவித்தனர் என்னலாம்.

இதே வினா, இன்னுங் கூர்மையாக, மானிப்பாயில் எழுந்தது. அங்குக் கற்பிக்கப்பட்டது வைத்தியம். பண்டத்தரிப்பில் ஸ்கடர் வைத்தியரும் அவருக்குப் பின் வேறு சிலரும் மருத்துவம் செய்தும் சிலரைப் பழக்கியும் வந்தனராயினும், முறையான வைத்திய வகுப்பு என்று கூறத்தக்கது சாமுவேல் பிஸ்க் கிறீன் தொடங்கியதே. மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரத்தவரான அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் ஒருசில மாணாக்கரோடு வகுப்பைத் தொடங்கினார். முதலிற் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது.

வைத்திய மாணாக்கனுக்கு ஊரிலிருந்த இடர்ப்பாடு கணித மாணாக்கனுக்கு இல்லாதது. வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி ஊர்களை அழித்த காலம் அது. அம்மை தெய்வத்தின் வருகை என்று நம்பிய வீட்டில் அம்மைப்பால் கட்டுதல் தெய்வ நிந்தனையாகத் தோன்றிற்று. புண்ணைத் தொடுதல், குருதியைத் தொடுதல், பிணத்தைத் தொடுதல் ஒவ்வொன்றும் ஆசாரத்தின் எல்லையைத் தாண்டுதலாகும். பரம்பரை வைத்தியரோ நாடி பார்த்து மருந்து கொடுப்பவர். கத்தியெடுத்து அறுப்பவர் அல்லர். இத்தனைக்கும் ஈடுகொடுத்து இளைஞர் அவ்வகுப்பிற் சேர்ந்தமைக்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். சத்திர வைத்தியத்தின் பயனை அவர்கள் கண்ணாற் கண்டனர் என்பது ஒன்று. கட்டியை அறுத்து நோயாளி பிழைத்தெழுதல், கிரகணத்தை நிமிடந் தவறாமற் கூறுதலிலும் பார்க்க எவர்க்கும் விளங்குஞ் சான்று. ஆங்கிலங் கற்ற வைத்தியனுக்கு அரசாங்கச் சம்பளம் உண்டு என்பது மற்றொன்று. இவ்விரு காரணங்களுட் பின்னதைக் குறைத்து மதித்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

கிறீன் தம் மாணாக்கருக்காகவும் பொதுமக்களுக்காகவும் தமிழில் நூல்கள் ஆக்கத் தொடங்கினார். முதலில் வந்தவற்றுள் ஒன்று, அமெரிக்கக் கலாசாலைகளில் வழங்கிய கற்றர் என்பாரின் பாடநூலைத் தழுவியது. அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்று சொற்களும் அதன் பெயரில் அடங்கும். இன்று உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரவியல் என வழங்குபவை அவையே. பாடசாலைச் சுகாதாரக் கல்விக்குத் தமிழில் எழுந்த முன்னோடி நூல் என அதனைக் கொள்ளல் தகும். தூய நீர், காற்றோட்டம், உணவு, உடை என்பன பற்றிக் கூறும் இப்பகுதியை ஊரவர் புதிதெனக் கருதியிருப்பர் என்று எண்ணவேண்டா. விடியற்காலை நீராடலும் எச்சில் விலக்கலும் அவர் வழக்கமே. ஆயின் இவ்வழக்கங்களுக்குக் காரணம் ஆசாரமன்று, உடல்நலம் என்று நூல் கூறியபோது, பழைய பழக்கத்துக்குப் புதிய பொருள் கிடைத்தது.

1857இல் அமெரிக்கா சென்ற கிறீன் 1862இல் மீண்டார். மீண்டபின் அவர் செய்த தீர்மானமே இக்கட்டுரைக்கு முதன்மையானது. இனி வைத்தியம் முழுவதும் தமிழிலேயே கற்பிக்கப்படும் என்றார். 1864இல் தமிழ் வகுப்புத் தொடங்கிற்று. ஆங்கிலங் கற்ற வைத்தியன் ஊரைவிட்டு அரசாங்க சேவைக்குப் போகிறான். தமிழிற் கற்றவன் தன் கிராமத்திலேயே தங்கித் தன் மக்களுக்குத் தொண்டு செய்வான். அவர் கூறிய காரணம் இதுவே. மாணாக்கர் தம் நடையையும் உடையையும் மாற்றி ஆங்கிலேயராய் வேடம் புனைதலையும் அவர் விரும்பினாரல்லர்.

நோக்கம் உயர்ந்தது, இதனை மறுப்பார் இலர். ஆயின் மாணாக்கர் பக்கத்தில் நின்று நோக்கினால் வேறொரு காட்சி தோன்றும். ஆங்கிலம் இன்றேல் அரசாங்க உத்தியோகம் இல்லை. ஆங்கிலம் இன்றேல் ஆண்டுதோறும் வெளிவரும் புதிய மருத்துவ நூல்களைப் படித்தல் இயலாது. ஆசிரியர் மொழிபெயர்த்துக் கொடுத்த அளவே அறிவின் எல்லையாகும். கிராமத்திலே தங்குக என்று கூறிய ஆசிரியர் கடல்கடந்து வந்தவர். தாம் விரும்பியபோது திரும்புதற்கும் உரிமையுடையவர். மாணாக்கனுக்கு அத்தெரிவு இல்லை. ஆங்கில வகுப்புக்கு இருந்த கவர்ச்சி தமிழ் வகுப்புக்கு இல்லாமற்போனமைக்கு மொழிப்பற்றின்மையைக் காரணங் கூறுதல் எளிது, அது நீதியன்று. மொழியை அவர் வெறுத்திலர். அம்மொழிக்கு அரசு இடங்கொடாத நாட்டில், அதனால் மாத்திரம் வாழுமாறு பணிக்கப்பட்டதையே தயங்கினர்.

இத்தயக்கத்துக்கிடையிலும் தமிழ் வகுப்பிற் சேர்ந்து தேறியவர் பலர். சப்மன், டான்போர்த் முதலிய மாணாக்கர் ஆசிரியரோடிருந்து மொழிபெயர்ப்பிலும் பங்கு கொண்டனர். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்பன 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை எளியது: முதலில் தமிழிற் சொல்லுண்டா எனத் தேடுக, இன்றேல் வடமொழியிற் கொள்க, அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய எழுதுக. இரணத்தைத் தமிழர் முன்னரே அறிவர். ஆதலின் இரண வைத்தியம் எளிதிற் பெயர்பெற்றது. இரசாயனமோ பழைய நூல்களிற் காயகற்பத்தோடு கலந்த சொல். அதனால்தானோ என்னவோ, அந்நூல் கெமிஸ்தம் என்றே வெளிவந்தது. அச்சொல் நிலைக்கவில்லை. சொல்லாக்கத்தில் ஆசிரியர் முன்மொழியலாம். வழிமொழிய வேண்டியவர் மாணாக்கரே.

1870இற் கொழும்பு வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பிக்கும் நிறுவனமாகத் திறக்கப்பட்டது. அதன் சான்றிதழ் அரசாங்க வாயிலைத் திறப்பது. யாழ்ப்பாண இளைஞர் அங்குச் செல்லத் தொடங்கினர். வட்டுக்கோட்டையிலும் பழைய மாணாக்கர் வாளாவிருந்தாரல்லர். ஆங்கிலத்தில் உயர்கல்வி மீண்டும் வேண்டும் என முயன்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அங்கே தோன்றக் காரணராயினர். செமினரியிற் பயின்று ‘நியாய இலக்கணம்’ எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1887இற் பட்டினத்தில் ஓர் உயர்தரப் பாடசாலையை நிறுவ, அது 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. மிஷன் கல்வியின் மாணாக்கர், அக்கல்வியின் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டு, சமயத்தைத் தம்முடையதாகவே வைத்துக்கொள்ளுமிடத்து எத்தகைய கலாசாலையை விரும்பினர் என்பதற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டா.

1873இற் கிறீன் நோயுற்ற உடலோடு ஊஸ்ரருக்குத் திரும்பினார். ஆங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்தும் பணியை அவர் விட்டாரல்லர். உடற்றொழிலைப் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு அவர் காலமானார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1978இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கப்பட்டது. பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது.